தனியார் முதலீட்டில் பிறந்த முதல் ஜெர்மன் வானொலி: பெர்லின் ‘ஃபுங்க்-ஷ்டுண்டே’

#1 · அலைநீளம்400

ஜெர்மனியில் தனியார் வானொலியின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1984 ஜனவரி 1-ஆம் நாளிலிருந்து தொடங்குகிறார்கள். லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் கேபிள் வழி ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்குமான சோதனைத் திட்டம் அன்றுதான் செயலுக்கு வந்தது. அதற்கு முன்பு அந்நாட்டில் வானொலி என்றாலே அரசு அல்லது பொதுத்துறை என்பது போன்ற எண்ணத்தை இக்கட்டுரைகள் உண்டாக்கிவிடுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஜெர்மனியின் முதல் பொழுதுபோக்கு வானொலி ஒரு தனியார் நிறுவனத்தின் கட்டடத்தில், தனியார் பணத்தில் பிறந்தது. அதைப் பற்றி விரிவாகப் பேசலாம் என்றே இவ்விழையைத் தொடங்குகிறேன்.

1923 அக்டோபர் 29, இரவு எட்டு மணி. பெர்லினில் பொட்ஸ்டாமர் தெருவில் இருந்த ‘வோக்ஸ்-ஹவுஸ்’ கட்டடத்தின் மேல்மாடி அறையிலிருந்து ஃபிரீட்ரிஷ் கேயோர்க் க்னோப்ஃப்கே என்பவர், 400 மீட்டர் அலைநீளத்தில் பெர்லின் ஒலிபரப்பு நிலையம் பேசுகிறது என்று அறிவித்தார். ஒரு மணி நேரம் இசை நிகழ்ச்சி நடந்தது. செல்லோவும் பியானோவும் சேர்ந்த ஒரு சிறு உருப்படி முதலில் வந்தது. இறுதியில் ஜெர்மானிய நாட்டுப்பண். சில உருப்படிகளைக் கலைஞர்கள் நேரடியாக இசைத்தார்கள். சில இசைத்தட்டிலிருந்து ஒலித்தன. இசைத்தட்டுகள் வந்தது தற்செயலன்று. அக்கட்டடம் இசைத்தட்டுகளும் கிராமபோன்களும் செய்த வோக்ஸ் நிறுவனத்துடையது. அந்நிறுவனத்தின் பின்னால் இருந்தவர் ஆகுஸ்ட் ஷ்டாவ்ஹ். தென்மேற்கு ஆப்பிரிக்காவில் (இன்றைய நமீபியா) ரயில்வே பணியில் இருந்தபோது 1908-இல் வைரம் கண்டெடுக்கப்பட்டதால் பெருஞ்செல்வரானவர் அவர். பாலைவன மணலில் கிடைத்த வைரப் பணத்தின் ஒரு துளி பெர்லினின் வானலைக்கு வந்து சேர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 31 அன்று, பெர்லினில் புகையிலை வணிகம் செய்த வில்ஹெல்ம் கொல்ஹாஃப் வானொலி கேட்க உரிமம் பெற்ற முதல் நேயரானார். கட்டணம் 35,000 கோடி மார்க். பணவீக்கம் உச்சத்தில் இருந்த இலையுதிர் காலம் அது. நவம்பரில் புதிய ரென்டன்மார்க் வந்தபோது ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புதிய மார்க் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் கொல்ஹாஃபின் கட்டணம் வெறும் 35 பென்னி.

டிசம்பர் 10 அன்று இந்நிலையத்தை நடத்துவதற்காக ‘ரேடியோ-ஷ்டுண்டே’ என்ற கூட்டுப் பங்கு நிறுவனம் உருவானது. 1924 வசந்தத்தில் அதன் பெயர் ‘ஃபுங்க்-ஷ்டுண்டே’, அதாவது ‘வானொலி வேளை’ என்று மாற்றப்பட்டது. அதே ஆண்டில் லைப்ஸிக், ஃபிராங்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக், ஷ்டுட்கார்ட், பிரெஸ்லாவ், கோனிக்ஸ்பெர்க், முன்ஸ்டர் ஆகிய நகரங்களிலும் அந்தந்த வட்டாரத்துப் பணக்காரர்களின் முதலீட்டில் நிறுவனங்கள் தோன்றின. ஆகவே ஜெர்மனியின் முதல் தனியார் வானொலி 1984-இல் பிறந்ததல்ல. அது 1923-இல் பிறந்தது என்பது என் வாதம்.

#2 · கலிங்கராயன்

நல்ல தொடக்கம். ஆனால் முடிவுரையை முன்னுரையிலேயே எழுதிவிட்டீர்கள் என்று அஞ்சுகிறேன். ஒரு நிறுவனத்தின் பங்குகளைத் தனியார் வாங்கியிருந்தார்கள் என்பதால் மட்டும் அந்த வானொலி தனியாருடையது ஆகிவிடுமா?

இதைப் புரிந்துகொள்ள 1918 நவம்பருக்குப் போக வேண்டும். புரட்சி வெடித்தபோது, போரிலிருந்து திரும்பிய ராணுவக் கம்பியில்லாத் தந்திக்காரர்கள் பெர்லினில் அரசுச் செய்தி முகமையின் கருவிகளைக் கைப்பற்றித் தங்களுக்கென ஒரு மையக் குழுவை அமைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அதிகாரிகள் அதைத் ‘தந்திக்காரர்களின் பேயாட்டம்’ என்று கேலியாகக் குறிப்பிட்டாலும், உள்ளூர அது அவர்களுக்குப் பெரிய திகிலாகவே தங்கிவிட்டது. கம்பியில்லாக் கருவி தவறான கைகளுக்குப் போனால் ஓர் ஆட்சியே கவிழக்கூடும் என்ற பாடத்தை உள்துறை அமைச்சகம் கடைசிவரை மறக்கவில்லை.

1922-இல் டெலிஃபுங்கன், லோரென்ஸ் ஆகிய இரண்டு கருவித் தயாரிப்பு நிறுவனங்கள் சேர்ந்து ஒலிபரப்பு உரிமம் கேட்டன. வெளியுறவு அமைச்சகத்தின் வணிகச் செய்திப் பிரிவோடு தொடர்புடைய மற்றொரு குழுவும் கேட்டது. அஞ்சல் துறையின் உயர் அதிகாரியான ஹான்ஸ் பிரேடோ, வானொலியின் தந்தை என்று இன்றும் அழைக்கப்படுபவர், இருவருக்கும் முழுமையாகக் கொடுக்கவில்லை. அவர் உரிமையைக் கூறுபோட்டார். ஒலிபரப்புக் கருவி முழுவதும் அஞ்சல் துறையின் உடைமையாக இருக்கும். துறையின் பொறியாளர்களே அதை இயக்குவார்கள். இசை, நாடகம், சொற்பொழிவு ஆகியவற்றைத் தயாரிக்கும் செலவும் சிரமமும் தனியார் நிறுவனத்துக்கு. செய்தியும் அரசியலும் ‘டிராடாக்’ என்ற மூன்றாவது நிறுவனத்தின் பொறுப்பு. அந்த மூன்றாவதில் பெரும்பான்மை உள்துறை அமைச்சகத்தின் கையில்.

இப்போது சொல்லுங்கள்: விசை அரசிடம், செய்தி அரசிடம், பாட்டுக்கான செலவு மட்டும் தனியாரிடம். வீட்டுக்காரரே சாவியையும் சமையலறையையும் வைத்துக்கொண்டு, வாசலில் கோலம் போடும் உரிமையை வாடகைக்கு விட்டது போல இது எனக்குப் படுகிறது.

அதோடு நிற்கவில்லை. நிறுவனங்கள் தங்கள் பங்குகளில் ஒரு பகுதியை அஞ்சல் துறைக்கு விலையின்றிக் கொடுக்க வேண்டியிருந்தது; ஒவ்வொரு பங்குக்கும் பல வாக்குகள் என்ற ஏற்பாட்டின் மூலம் வாக்குரிமையில் துறைக்குப் பெரும்பான்மை கிடைத்தது. 1925 மே மாதத்தில் இந்த வட்டார நிறுவனங்களுக்கெல்லாம் மேலாக ‘ரைஷ்ஸ்-ரண்ட்ஃபுங்க்’ என்ற கூட்டமைப்பு நிறுவப்பட்டது. 1926-இலிருந்து அஞ்சல் துறை அதன் வழியாகவே ஆண்டது. முதலீட்டாளருக்கு ஈவுத்தொகைகூட வரம்புக்கு உட்பட்டதுதான்.

#3 · கேலினாப்_படிகம்

நான் வரலாற்றாசிரியன் அல்லன். வால்வு ரேடியோ காலத்திலிருந்து பழுதுபார்ப்பவன். கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கின் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

400 மீட்டர் என்றால் 750 கிலோஹெர்ட்ஸ். நமக்குப் பழக்கமான மத்திய அலை. வோக்ஸ்-ஹவுஸில் முதலில் வைக்கப்பட்ட கருவியின் திறன் கால் கிலோவாட் அளவுதான். இந்தத் திறனுக்கு நகருக்குள் இருப்பவர்கள் மின்கலம் இல்லாத படிக ரேடியோவில் கேட்கலாம். ஒரு கேலினா (ஈயக் கனிமப் படிகம்) துண்டு, அதன்மேல் மெல்லிய கம்பி முனை, ஒரு கம்பிச்சுருள், நீண்ட வான்கம்பி, தரைக்கம்பி, காதில் ஹெட்போன். கம்பி முனையைப் படிகத்தின் மேல் தடவித் தடவி, ஒலி பிடிபடும் புள்ளியைத் தேட வேண்டும். யாராவது மேசையைத் தட்டினால் போயிற்று.

இத்தகைய பெட்டியைப் பள்ளி மாணவன்கூட வீட்டில் செய்துவிட முடியும். ஆகவே உரிமம் இல்லாமல் கேட்பவர்களைத் தடுப்பது கடினமாக இருந்தது. 1924 ஜனவரி 1 அன்று நாடு முழுவதற்கும் பதிவான நேயர்கள் 1,580 பேர். வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் என்று அழைக்கப்பட்ட திருட்டு நேயர்கள் அதைவிட மிகுதி. மார்ச் மாதத்தில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. அனுமதி இல்லாத கருவி வைத்திருந்தால் தண்டனை. அதே வேளையில், ஆண்டுக்கு 60 தங்க மார்க் என்றிருந்த கட்டணத்தை மாதம் 2 மார்க்காக இறக்கினார்கள். சட்டத்தைவிட இந்த இறக்கம்தான் வேலை செய்தது என்பது என் எண்ணம். 1926 தொடக்கத்தில் நேயர்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

அந்த 2 மார்க்கை வீட்டு வாசலில் வந்து வாங்கியவர் யார்? தபால்காரர். கலிங்கராயன் ஐயா சொல்வதற்கு இது வலு சேர்க்கும் என்று நினைக்கிறேன்.

#4 · அலைநீளம்400

இருவருக்கும் நன்றி. வாக்குரிமை பற்றிய செய்தியை நான் மறுக்கவில்லை. முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். கட்டுப்பாடு அரசிடம் இருந்தது என்பதும், நிலையத்துக்குள் என்ன நடந்தது என்பதும் ஒன்றல்ல.

ஃபுங்க்-ஷ்டுண்டேயின் நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-இல் சேர்ந்த ஆல்ஃபிரெட் பிரவுன் ஒரு நாடக நடிகர். ஒலிவாங்கியை அறைக்கு வெளியே தூக்கிச் சென்று, தெருவில் நின்று, கண்ணால் காண்பதைக் காதுக்குச் சொல்லும் கலையை ஜெர்மன் மொழியில் வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர். 1929 அக்டோபரில் வெளியுறவு அமைச்சர் ஷ்ட்ரேசமன் மறைந்தபோது, இறுதி ஊர்வலத்தைப் பிரவுன் வர்ணித்ததைக் கேட்டவர்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தார்கள். இதை எந்த அமைச்சகமும் ஆணையிட்டுச் செய்ய முடியாது.

அதே 1929-இல் நிலையத்தின் தலைமைக்கு வந்தவர் ஹான்ஸ் ஃபிளெஷ். மருத்துவம் படித்தவர். ஃபிராங்ஃபர்ட் நிலையத்தில் இருந்தபோது 1924 அக்டோபரில் ஒலிபரப்புக்கென்றே ஒரு சிறு நாடகம் எழுதி அரங்கேற்றியவர். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே நிலையத்தில் குழப்பம் நேர்வதாக அமைந்த அது, ஜெர்மன் மொழியின் முதல் வானொலி நாடகமாகக் கருதப்படுகிறது. பெர்லினுக்கு வந்த பிறகு, முன்கூட்டி எழுதிப் படிக்காத உரையாடல்களுக்கும் அன்றாட நிகழ்வுகளுக்கும் அவர் இடம் கொடுத்தார். சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் சிறுவர்களுக்காகப் பெர்லின் நகரத்தைப் பற்றிப் பேசிய உரைகளும் இந்த ஆண்டுகளில்தான் இந்நிலையத்திலிருந்து ஒலித்தன.

1931 ஜனவரியில் மசூரென் சாலையில் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் பொயெல்ஸிக் வடிவமைத்த வானொலி மாளிகை திறக்கப்பட்டது. கிராமபோன் கம்பெனியின் மாடி அறையில் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குள் அத்தகைய மாளிகைக்குக் குடியேறிய ஒரு நிறுவனத்தை வெறும் ‘கோலம் போடும் உரிமை’ என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

#5 · தேன்மொழி_பெர்லின்

நான் சில ஆண்டுகளாக இந்நகரில் வசிக்கிறேன். அலுவலகம் போகும் வழியில் பொயெல்ஸிக் கட்டிய அந்த மாளிகையைப் பேருந்திலிருந்து பார்ப்பதுண்டு. வெளியே கருஞ்செம்மை ஓடுகள் பதித்த நீண்ட முகப்பு; உள்ளே நடுவில் ஒலிப்பதிவுக் கூடங்கள்; சுற்றிலும் அலுவலக அறைகள். தெருவின் இரைச்சல் கூடங்களை எட்டாதபடி அலுவலகங்களையே மதிலாக வைத்த அமைப்பு அது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெருச்சத்தம் கேட்காது என்பதைக் கட்டடக்கலைச் சிறப்பாகப் பாராட்டுவார்கள். ஆனால் இவ்விழையைப் படித்த பிறகு அதை வேறு விதமாகவும் நினைக்கத் தோன்றுகிறது.

ஏனென்றால், அம்மாளிகை எழுவதற்கு முன்பே ஒருமுறை, தெருவின் குரல் தந்திரமாகத்தான் வானொலிக்குள் நுழைய முடிந்தது. 1928 அக்டோபர் 6. கவசக் கப்பல் ஒன்றைக் கட்டுவதற்கு அரசு முடிவெடுத்திருந்தது. அதை எதிர்த்துப் பொதுவுடைமைக் கட்சி மக்கள் கோரிக்கை இயக்கம் நடத்திக்கொண்டிருந்தது. ஆனால் வானொலியில் அவர்களுக்கு இடமில்லை. அன்று மாலை சமூக ஜனநாயகக் கட்சி நாளிதழின் ஆசிரியர் ஷ்வார்ட்ஸ் பேசுவதாக இருந்தது. கட்சிக்காரர்கள் அவரை ஒரு காரில் ஏற்றி ஊருக்கு வெளியே கூட்டிச் சென்றுவிட்டார்கள். அவருடைய பெயரில் நிலையத்துக்கு வந்து ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவர் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினரான கார்ல் ஷுல்ஸ். நிலையத்தார் விழித்துக்கொள்வதற்குள் அவர் கவசக் கப்பலை எதிர்த்து உரையாற்றிவிட்டுப் போய்விட்டார்.

ஆள்கடத்தலை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் ஏன் அவ்வளவு தூரம் போனார்கள் என்பதைப் பாருங்கள். 1926-இலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அரசியல் கண்காணிப்புக் குழு இருந்தது. பண்பாட்டு ஆலோசனைக் குழு வேறு. வானொலி கட்சிச் சார்பற்றதாக இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் சார்பின்மை என்பது, கருத்து வேறுபாடு உள்ள எதையும் தொடாமல் இருப்பது என்றே பொருள்பட்டது. தொழிலாளர்கள் 1924-லேயே தங்களுக்கென வானொலிக் கழகம் தொடங்கிக் கருவி செய்யவும் கேட்கவும் கற்றுக்கொண்டார்கள். பேசும் இடம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. முதல் ஒலிபரப்பு நடந்த அதே 1923 அக்டோபர் 29 அன்றுதான், குடியரசுத் தலைவர் ஏபெர்ட் அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தி சாக்சனி மாநில அரசைக் கலைக்க ஆணையிட்டார். நாடு கொதித்துக்கொண்டிருந்த அந்த இரவில் வானொலியில் ஒரு மணி நேரமும் இசைதான். பிறந்த இரவிலேயே அந்தக் குழந்தையின் சுபாவம் தெரிந்துவிட்டது.

#6 · யாழினி

சுவையாகப் போகிறது. எனக்கு ஒரு சிறிய ஐயம்: தனியார் வானொலி என்றால் விளம்பரம் இருந்திருக்க வேண்டுமே? வோக்ஸ் நிறுவனம் இசைத்தட்டு விற்கத்தானே இதில் இறங்கியது?

#7 · கலிங்கராயன்

விளம்பரம் இருந்தது, அம்மா. ஆனால் அதையும் அஞ்சல் துறையின் விளம்பர நிறுவனமே ஏற்பாடு செய்தது. குறிப்பிட்ட சில வேளைகளில் மட்டும் வரும். நிலையத்தின் உயிர்நாடி நேயர் கட்டணம். அதில் ஒரு பங்கை அஞ்சல் துறை தன்னிடம் வைத்துக்கொண்டு மீதியை நிறுவனங்களுக்குப் பகிர்ந்தது. வருமானம் விளம்பரதாரரை நம்பி இருந்திருந்தால் அந்நிறுவனங்கள் அரசோடு பேரம் பேசும் வலுவையாவது பெற்றிருக்கும். ஆனால் அரசு வசூலித்துத் தரும் காசில் வாழ்ந்ததால் அதற்கும் வழியில்லை.

அலைநீளம் ஐயாவுக்கு: பிரவுன், ஃபிளெஷ் இருவரின் திறமையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. என் கேள்வி, நெருக்கடி வந்தபோது ‘தனியார்’ என்ற அந்தச் சட்ட வடிவம் அவர்களைக் காத்ததா என்பதே. 1932 கோடையில் பாப்பன் பிரதமரானார். ஜூன் மாதத்திலேயே அரசுக்கென நாள்தோறும் ஒலிபரப்பு நேரம் ஒதுக்கப்பட்டது. எல்லா நிலையங்களும் அதை ஏற்க வேண்டும். உள்துறை அமைச்சகத்தில் வானொலிக்குப் பொறுப்பாளராக இருந்த எரிக் ஷோல்ஸ் ஒரு சீர்திருத்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி தனியார் பங்குதாரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பங்குகள் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் போயின. ஆகஸ்டில் ஃபிளெஷ் பதவியிழந்தார். பங்குதாரர்களிடமிருந்து சொல்லத்தக்க எதிர்ப்பு எதுவும் எழவில்லை. எழுவதற்கு அவர்களிடம் என்ன இருந்தது? வாக்குப் பெரும்பான்மை ஏற்கெனவே போயிருந்தது. கருவி ஒருநாளும் அவர்களுடையதாக இருந்ததில்லை.

இதைச் செய்தது ஹிட்லர் அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1933 ஜனவரி 30 அன்று அவர் பதவியேற்றபோது, ஒரே விசையில் நாடு முழுவதையும் பேச வைக்கக்கூடிய அமைப்பு தயாராகக் காத்திருந்தது. அன்றிரவே தீப்பந்த ஊர்வலத்தின் நேரடி வர்ணனை ஒலிபரப்பாயிற்று. மார்ச் 13 அன்று பரப்புரை அமைச்சகத்தை ஏற்ற கோயபல்ஸ் எதையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. அப்போது நேயர்கள் நாற்பது லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். ஆகஸ்டில் 76 மார்க் விலையில் ‘மக்கள் ரேடியோ’ வந்தது. அதன் மாதிரி எண் 301, ஜனவரி 30-ஐக் குறிக்கும். 1934 ஏப்ரல் 1-இலிருந்து ஃபுங்க்-ஷ்டுண்டே என்ற பெயரும் மறைந்து ‘ரைஷ்ஸ்செண்டர் பெர்லின்’ ஆனது.

#8 · தேன்மொழி_பெர்லின்

அந்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

1933 ஆகஸ்டில் ஆல்ஃபிரெட் பிரவுன், ஃபிளெஷ் ஆகியோரும், கூட்டமைப்பின் இயக்குநர்களான மாக்னுஸ், கீசெக்கே ஆகியோரும் கைது செய்யப்பட்டுப் பெர்லினுக்கு வடக்கே ஒரானியென்பூர்க் வதை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஊழல் என்பது குற்றச்சாட்டு. முகாம் வாசலில் அவர்கள் வரிசையாக நிற்கும் புகைப்படம் அன்றைய பத்திரிகைகளில் வெளியிடப்பட்டது. அவமானப்படுத்துவதே அதன் நோக்கம். 1923-இன் அந்த இரவில் முதல் சொல்லைப் பேசிய க்னோப்ஃப்கே, ரகசியப் போலீசின் கையில் துன்புற்ற பின் செப்டம்பரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஹான்ஸ் பிரேடோ ஜனவரி 30 அன்றே பதவி விலகியிருந்தார். தம்மோடு பணியாற்றியவர்கள் சிறைப்பட்டதை அறிந்ததும், அவர்கள் குற்றவாளிகள் என்றால் தானும் குற்றவாளியே, தன்னையும் அவர்களோடு அடையுங்கள் என்ற பொருள்பட குடியரசுத் தலைவர் ஹிண்டன்பூர்க்குக்குத் தந்தி அனுப்பினார். அவ்வாறே அவரும் அடைக்கப்பட்டார். 1934 நவம்பரில் தொடங்கிய ‘வானொலி வழக்கு’ அடுத்த ஆண்டுவரை நடந்தது. பெரிய ஊழல் எதையும் அதில் மெய்ப்பிக்க முடியவில்லை.

கலிங்கராயன் அவர்களே, நீங்கள் பிரேடோவின் கூறுபோடலைக் குறை சொன்னீர்கள். சரிதான். தந்திக்காரர்களின் புரட்சியை அஞ்சி அவர் கட்டிய பூட்டின் சாவி, அவர் எதிர்பாராதவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தத் தந்தியை எழுதியவரும் அவரே.

#9 · அலைநீளம்400

இந்த இடத்தில் 1984-ஐ நோக்கித் திரும்பலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பிந்தைய தனியார் வானொலி ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கான விடை முந்தையதில் இருக்கிறது.

1945-க்குப் பிறகு நேச நாட்டு அதிகாரிகள் வானொலியை மீண்டும் அஞ்சல் துறையிடமோ அமைச்சகத்திடமோ கொடுக்க மறுத்தார்கள். பிரிட்டிஷ் பகுதியில் பி.பி.சி.யிலிருந்து வந்த ஹியூ கிரீன், ஹாம்பர்க் நிலையத்தைப் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட தன்னாட்சி அமைப்பாக மாற்றினார். தனியாரிடம் விடும் எண்ணமும் அன்று எழவில்லை. போர் அழித்த நாட்டில் விளம்பரம் கொடுக்க யார் இருந்தார்கள்? 1950-களின் இறுதியில் பிரதமர் அடெனாவர் மத்திய அரசின் கைக்குள் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தை ஏற்படுத்த முயன்றபோது, 1961 பிப்ரவரி 28 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஒலிபரப்பு அரசின் கையிலும் இருக்கக்கூடாது, சமூகத்தின் ஏதேனும் ஒரு தரப்பின் கையிலும் சிக்கக்கூடாது என்று அது தீர்ப்பளித்தது. அலைவரிசைகள் குறைவு, செலவு மிகுதி. ஆகவே பொது அமைப்பே பொருத்தம் என்பது அன்றைய வாதம்.

1981 ஜூன் 16-ஆம் நாள் தீர்ப்பு இன்னொரு படி. சார்லாண்ட் மாநிலத்தில் உரிமம் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு தனியார் குழுவின் வழக்கில், தனியார் ஒலிபரப்பைச் சட்டம் அனுமதிக்கலாம், ஆனால் கருத்துப் பன்மையை அச்சட்டமே உறுதிசெய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அதன் பிறகே கதவு திறந்தது. 1986 ஏப்ரல் 30 அன்று ரைன்லாண்ட்-ஃபால்ஸ் மாநிலத்தில் ஆர்.பி.ஆர். என்ற தனியார் நிலையம், பிற குழுக்களோடு அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டு தொடங்கியது. ஜூலை 1 அன்று கீல் நகரிலிருந்து ஆர்.எஸ்.ஹெச்., ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலம் முழுவதற்குமான தனியார் நிலையமாக வந்தது. அம்மாநிலப் பத்திரிகை வெளியீட்டாளர்கள் அதில் பங்குதாரர்கள், வருமானம் விளம்பரத்திலிருந்து, செய்தி அவர்களுடைய செய்தியறையிலிருந்து.

கடைசித் தொடரை எழுதும்போதே என் முதல் பதிவின் வாதம் தளர்வதை உணர்கிறேன். ஃபுங்க்-ஷ்டுண்டேயின் பங்குதாரர்கள் ஒருநாளாவது தங்கள் செய்தியறையை வைத்திருந்ததில்லை.

#10 · கேலினாப்_படிகம்

கீல் நகரில் ஆர்.எஸ்.ஹெச். வந்த இடம் பண்பலையில் 102.4. இந்த எண்ணைப் பார்த்தவுடன் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1948-இல் கோபன்ஹேகனில் கூடிய ஐரோப்பிய அலைவரிசை மாநாடு தோற்ற நாடான ஜெர்மனிக்கு மத்திய அலையில் மிகக் குறைந்த இடமே கொடுத்தது. வேறு வழியின்றி அவர்கள் பண்பலைக்குப் போனார்கள். 1949 பிப்ரவரி இறுதியில் மியூனிக்கிலும் மறுநாள் ஹனோவரிலும் ஒலிபரப்பு தொடங்கியது. பிற நாடுகளுக்கு முன்பே அங்கே பண்பலை பரவியது இப்படித்தான், தண்டனையே வரமாயிற்று. ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்தைப் பொதுத்துறை நிலையங்களே நிரப்பிவிட்டன. 100-க்கு மேலுள்ள பகுதியை 1979, 1984 ஆகிய ஆண்டுகளின் பன்னாட்டு மாநாடுகள் வானொலிக்கு ஒதுக்கிய பிறகே புதியவர்களுக்கு இடம் கிடைத்தது. என் கைக்கு வந்த பழைய ஜெர்மன் ரேடியோக்கள் சிலவற்றில் முள் 100-லேயே நின்றுவிடும், சிலவற்றில் 104 வரை போகும். 100-ல் நிற்கும் பெட்டியை வைத்திருந்த கீல் நகரத்துக்காரருக்கு அவ்வூர்த் தனியார் வானொலி கேட்டிருக்காது.

நீதிமன்றம் திறந்த கதவைப் பற்றி ஐயா எழுதினார். மாநாடு திறந்த இந்தக் கதவும் இல்லாவிட்டால் தீர்ப்பு ஏட்டிலேயே இருந்திருக்கும்.

#11 · யாழினி

வோக்ஸ்-ஹவுஸ் இப்போதும் இருக்கிறதா? பெர்லினுக்குப் போனால் பார்க்க முடியுமா?

#12 · தேன்மொழி_பெர்லின்

இல்லை. பெர்லின் சுவருக்குப் பக்கத்தில், யாரும் போகாத வெளியாகக் கிடந்த பகுதியில் சில காலம் நின்றது, 1971-இல் இடித்துவிட்டார்கள். சுவர் விழுந்த பிறகு அங்கே பொட்ஸ்டாமர் சதுக்கத்தின் புதிய கட்டடங்கள் எழுந்துவிட்டன. மசூரென் சாலை மாளிகையைப் பாருங்கள். அங்கே இன்றும் வானொலி நடக்கிறது, பொதுத்துறையுடையது.

#13 · கலிங்கராயன்

அலைநீளம் ஐயா தம் வாதத்தின் தளர்ச்சியைத் தாமே சொன்னதற்கு என் வணக்கம். நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசே முழுக்க நடத்தியிருந்தால் 1923-இல், ரொட்டி வாங்கக் கூடையில் பணம் கொண்டுபோன அந்த அக்டோபரில், ஒலிபரப்பு தொடங்கியே இருக்காது. கருவூலத்தில் காசில்லை. அஞ்சல் ஊழியர்கள் கோனிக்ஸ் வுஸ்டர்ஹவுஸன் நிலையத்தில் 1920 டிசம்பரிலேயே தாங்களே வாத்தியம் வாசித்துக் கிறிஸ்துமஸ் இசை ஒலிபரப்பிக் காட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் ஒன்றும் நகரவில்லை. ஓர் இசைத்தட்டு வணிகர் மாடியில் அறை கொடுத்து, கலைஞருக்குச் சம்பளம் கொடுக்க முன்வந்த பிறகே நகர்ந்தது. இந்த அளவுக்குத் தனியாரின் பங்கை நான் ஏற்கிறேன்.

#14 · அலைநீளம்400

ஏற்கிறேன். இவ்விழையின் தலைப்பு ‘ஜெர்மனியின் முதல் தனியார் வானொலி’ என்று இருந்தது; ‘தனியார் முதலீட்டில் பிறந்த முதல் ஜெர்மன் வானொலி’ என்று திருத்திவிட்டேன். முதல் பதிவின் கடைசி வரியை, அடுத்தவர்களின் மறுமொழிகள் புரிய வேண்டும் என்பதற்காக, அப்படியே விட்டுவைக்கிறேன்.